சினம் இருக்கட்டும், மனம் கெட வேண்டாம்

தோழர்களே,

வாகரை, வாழைச்சேனை, ஓட்டமாவடி, கிரான், சித்தாண்டி, வந்தாறுமூலை, ஏறாவூர் என்று எந்த ஊரில் இருந்தாலும் இதை வாசியுங்கள். வாசித்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பட்டி மாடுகளை இழந்தவர்கள், கடலுக்குப் போய் வெறும் வள்ளத்தோடு திரும்புகிறவர்கள், பிள்ளையின் படத்தை நெஞ்சோடு அணைத்து வீதியோரம் நிற்கும் தாய்மார், வளாகத்துப் பிள்ளைகள், எல்லோரும் களைத்துப்போய் இருக்கிறோம். கூட்டங்களில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் போராட்டம் பலவீனப்பட்டுவிடும் என்ற பயம். ஆனால் நம்மை வெல்லக் காத்திருப்பவர்கள் கணக்குப் போடுவது இந்தக் களைப்பை வைத்துத்தான். ஒரு கோப்பை நான்கு அலுவலகங்களுக்கு அலையவிட்டு, ஒரு வழக்கைத் தவணைக்கு மேல் தவணை தள்ளிப்போட்டு, ஒரு தலைமுறையை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று அவர்களுக்குத் தெரியும். அதற்கு ஒரு குண்டாந்தடிகூடத் தேவையில்லை.

மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பர் 15ஆம் திகதி சித்தாண்டியில் பால்பண்ணையாளர்கள் வீதியோரம் அமர்ந்தார்கள். முதல் வாரங்களில் அரசியல்வாதிகள் வந்தார்கள், கமெராக்கள் வந்தன. ஆதரவு தெரிவித்து வந்த பல்கலைக்கழக மாணவர்கள் அந்த நவம்பரிலேயே கைதானார்கள். பிறகு ஜனாதிபதி மாறினார், நாடாளுமன்றம் மாறியது. மேய்ச்சல் தரைக்குள் அத்துமீறிப் பயிர் செய்தவர்களால் சுடப்பட்டும் சுருக்கில் சிக்கியும் மாடுகள் செத்தன. போராட்டக் கொட்டிலில் ஆட்கள் குறைந்தபோது எஞ்சியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள். யார் யாரிடம் பேசினார், யார் எந்தக் கட்சியின் ஆள், யார் காசு வாங்கினார் என்று. இப்படித்தான் ஒரு போராட்டம் உள்ளிருந்து உளுத்துப்போகிறது. சித்தாண்டியைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. இத்தனை காலம் தாக்குப்பிடித்தவர்கள் நம் எல்லோரையும்விட உறுதியானவர்கள். அவர்களுக்கே இது நடக்குமென்றால் நமக்கு நடக்காதா?

அரசியல் அதிர்ச்சி வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்பதையும் பேசுவோம். பகலில் கச்சேரி வாசலில் அவமானப்பட்டு வந்த மனிதர் இரவில் கசிப்புப் போத்தலைத் தேடுகிறார். போராட்டத்துக்கும் வந்து, சமையலையும் பிள்ளையையும் பார்த்து, கடன் கொடுத்த நுண்நிதிக்காரனுக்கும் பதில் சொல்லும் பெண்ணுக்கு யாரும் ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுப்பதில்லை. இளைஞர்கள் நடுச்சாமம் வரை முகநூலில் செத்த மாட்டின் படத்தையும் எரிந்த கடையின் படத்தையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். அங்கே ஊறிவரும் வெறுப்புக்குக் கொழும்பு எட்டாத தூரத்தில் இருக்கிறது. ஆகவே அது எட்டுகிற இடத்தில், பக்கத்து ஊரின் மேல், இறங்குகிறது.

தோழர்களே, கோபத்தை விடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. கண்ணகியைக் கும்பிடுகிற மண்ணில் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. வைகாசி பிறந்தால் நமது ஊர்களில் அம்மனின் கதவு திறக்கிறது. வழக்குரை படிக்கிறோம். அரசனின் அநீதியைத் தட்டிக் கேட்டு ஒரு பெண் மதுரையை எரித்த கதையை ஊரே கூடியிருந்து கேட்கிறது. எரித்தது பிழை என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் சடங்கு அந்த இடத்தில் முடிவதும் இல்லை. கடைசியில் குளிர்த்தி. வேப்பிலையும் நீருமாக, பாட்டுமாக, ஊர் அவளைக் குளிர்விக்கிறது. எரிந்த நகரத்திலிருந்து வந்தவளை ஆயர்குலப் பெண்கள் பாலும் வெண்ணெயும் கொண்டு ஆற்றினார்கள் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். மாடு வளர்ப்பவர்களின் வேலை அது! இன்றைக்கு மயிலத்தமடுவில் பட்டி வைத்திருப்பவர்களின் முன்னோர் செய்த வேலை என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. நீதி கேட்டவள் தெய்வமாகவே இருந்தாலும் அவளைத் தனியே எரியவிடக் கூடாது என்று இந்த மண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அறிவை ஆண்டுக்கு ஒரு தடவை கோயிலில் மட்டும் வைத்துவிட்டு, மற்ற நாளெல்லாம் ஒவ்வொருவரையும் தனித்தனியே எரியவிடுகிறோம்.

தனியே எரிந்தால் என்ன ஆகும் என்பதை 1990 காட்டிவிட்டது. அந்த ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட் 12இல் ஏறாவூரில் உறங்கிக்கொண்டிருந்த முஸ்லிம் குடும்பங்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டன. மூன்று நாள் கழித்து, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட இயேசுசபைத் துறவி யூஜின் ஹெபயரும் அவரோடு போன தமிழ் இளைஞரும் வழியில் காணாமல் போனார்கள். இன்றுவரை ஒரு தடயமும் இல்லை. செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த 158 தமிழர்களை இராணுவம் ஏற்றிக்கொண்டு போனது. ஒருவரும் திரும்பவில்லை. நான்கு நாள் கழித்து சத்துருக்கொண்டான் படுகொலை.

இவை எல்லாம் ஆறு கிழமைகளுக்குள், ஒரே வாவிக் கரையில் நடந்தவை. ஆனால் நமது நினைவு நாட்களைப் பாருங்கள். ஒரு ஊர் ஓகஸ்டில் அழுகிறது, அடுத்த ஊர் செப்டெம்பரில் அழுகிறது. ஒருவர் அழும்போது மற்றவர் கடையைத் திறந்து வைத்திருக்கிறார். தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று மேடையில் பேசுகிறார்கள். அந்த உவமையைத் தேர்தல் மேடைகள் தேய்த்துத் தேய்த்து உளுத்துப்போக வைத்துவிட்டன, என் காதுக்கு அது இனி வேண்டாம். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: வந்தாறுமூலைத் தாய் ஓகஸ்ட் 12இல் ஏறாவூருக்குப் போக வேண்டும், ஏறாவூர் ராத்தா செப்டெம்பர் 5இல் வளாக வாசலுக்கு வர வேண்டும். அது நடக்கும் வருடத்தில் நம் இரண்டு பக்கத்து அரசியல்வாதிகளுக்கும் வேலை குறைந்துவிடும்.

2002 ஜூன் கடைசியில் வாழைச்சேனையில் மூண்ட கலவரத்தை நாற்பது வயது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். போர்நிறுத்தம் கையெழுத்தாகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கடைகளும் வீடுகளும் எரிந்தன, உயிர்கள் போயின. அன்று வதந்தி வாய்க்கு வாய் போக நேரம் எடுத்தது. இன்று ஒரு வட்ஸ்அப் குரல்பதிவுக்கு அரை நிமிடம் போதும். பிரதேச செயலகங்களின் எல்லைப் பிரச்சினை கோறளைப்பற்றில் இன்னும் தீராமல் கிடக்கிறது. காணி, எல்லை, கிணறு, மையவாடி என்று எந்தப் பெயரில் வேண்டுமானாலும் தீ வைக்கலாம். 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் குழந்தைகள் செத்த பிறகு, குற்றம் செய்யாத எத்தனை முஸ்லிம் குடும்பங்களோடு நாம் பேச்சை நிறுத்திக்கொண்டோம் என்பதை ஒவ்வொருவரும் தனக்குள் கேட்டுப் பார்க்கட்டும்.

ஆனால் இந்த மண்ணுக்கு வேறொரு பாடமும் உண்டு. அதைத்தான் உங்களிடம் அழுத்திச் சொல்ல வந்தேன். 2020இல் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களை, அவர்களின் மார்க்கத்துக்கு மாறாக, அரசு கட்டாயமாக எரித்தது. பிறந்து இருபதே நாளான குழந்தையும் அதில் ஒன்று. 2021 பெப்ரவரி 3இல் பொத்துவிலிலிருந்து பொலிகண்டிக்கு நடைபயணம் புறப்பட்டபோது, காணாமல் ஆக்கப்பட்டோருக்கான நீதியோடும் மேய்ச்சல் தரைக் கோரிக்கையோடும் இந்த ஜனாஸாக்களின் கோரிக்கையையும் தமிழர்கள் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். முஸ்லிம் ஊர்களில் மக்கள் வீதிக்கு வந்து சேர்ந்துகொண்டார்கள். அந்த மாத இறுதியில் அரசு பணிந்தது. அடக்கம் செய்ய இடம் கொடுத்தது நமது கல்குடா. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடிப் பக்கம் மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. அடுத்த ஓராண்டில் நாடெங்குமிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே வந்து உறங்கினார்கள். முஸ்லிம்கள் மட்டுமில்லை, இந்துக்களும் கிறிஸ்தவர்களும் பௌத்தர்களும் அந்த மண்ணில் இருக்கிறார்கள். முகம் தெரியாத தூரத்து ஊரவரின் உடலை, குடும்பம் அருகில் நிற்க முடியாத நேரத்தில், நமது ஊர்ப் பையன்கள் குழிக்குள் இறக்கினார்கள்.

2021 மே 18ஆம் திகதி, அங்கிருந்து அதிக தூரமில்லாத கிரான் கடற்கரையில், போரில் இறந்தவர்களுக்கு விளக்கேற்றிய பத்துப் பேரைக் கல்குடாப் பொலிசார் பிடித்தார்கள். பயங்கரவாதத் தடைச்சட்டம். பிணையில் வெளியே வரும்போது டிசெம்பர் ஆகிவிட்டது. இறந்தவருக்காகக் கடற்கரையில் ஒரு விளக்கு ஏற்றியதற்கு ஏழு மாதம் சிறை!

ஒரு பக்கம் புதைக்க விடவில்லை, மறுபக்கம் அழவிடவில்லை. இரண்டையும் செய்தது ஒரே அரசு. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கத் தெரிந்தவன் அயலவனைப் பகைவன் என்று நம்ப மாட்டான். கட்டாய எரிப்புக்காக 2024 ஜூலையில் அமைச்சரவை முஸ்லிம்களிடம் மன்னிப்புக் கேட்டது. பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் உள்ளே போனவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

சிங்கள மக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேய்ச்சல் தரையை விட்டுக்கொடுக்கும் பேச்சு என்னிடம் இல்லை. அது பண்ணையாளருடையது, அங்கே அத்துமீறியவர்கள் வெளியேற வேண்டும். ஆனால் அவர்களை அங்கே கொண்டுவந்து இறக்கிய கைகள் யாருடையவை என்பதையும், காணியில்லாத ஏழைகளையே அதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். 2022 மே 18இல் காலிமுகத்திடலில் சிங்கள இளைஞர்கள் நம்மவரோடு நின்று முள்ளிவாய்க்கால் கஞ்சி குடித்தார்கள். இன்று ஆட்சியில் இருப்பவர்களின் கட்சி 1987 முதல் 1989 வரை ஆயிரக்கணக்கான தோழர்களைக் காணாமல் ஆக்கப்பட்டோராக இழந்த கட்சி. தெற்கிலும் தாய்மார் படத்தோடு நின்றார்கள். ஆகவே அவர்களிடம் நாம் இரக்கம் கேட்டுப் போகவில்லை, உங்கள் வீட்டில் நடந்ததுதானே என்று முகத்துக்கு நேரே கேட்கப் போகிறோம். வெறுப்பை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது, கேட்டாலும் தைக்காது.

இனி வேலைக்கு வருவோம். கொட்டிலில் இருப்பதற்கு முறை வையுங்கள், ஒரே ஆட்களை ஒவ்வொரு நாளும் இருத்தாதீர்கள். ஓய்வெடுக்கப் போகிறவரைத் துரோகி என்று சொல்லும் வாயை அந்த இடத்திலேயே அடக்குங்கள். பொலிஸ் நிலையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ விசாரணைக்கோ யாரும் தனியே போகக் கூடாது. ஒருவர் கூடவே போக, இன்னொருவர் வீட்டில் பிள்ளைகளோடு இருக்க வேண்டும். உள்ளே இருப்பவரின் வீட்டுக்கு முதல் கிழமை மட்டும் போய்விட்டு நிறுத்தாதீர்கள், நான்காவது மாதத்தில்தான் அந்த வீட்டுப் படியை யாரும் மிதிப்பதில்லை. ஆண்கள் தேநீர் ஊற்றப் பழகுங்கள், நான் பகிடிக்குச் சொல்லவில்லை. ஒரு செய்தி வந்தால் பகிர்வதற்கு முன் அந்த ஊரில் தெரிந்த ஒருவருக்கு ஒரு அழைப்பு எடுங்கள். அந்த ஊரில் உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லையென்றால், உங்களுடைய முதல் அரசியல் வேலை அங்கே ஒருவரைத் தேடிக்கொள்வது.

தூக்கம் வராதவர்களும், சாகலாம் போல இருக்கிறது என்று பேசுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அதைப் பைத்தியம் என்று சொல்லி மூடாதீர்கள். போர்க்காலத்திலேயே இந்த மாவட்டத்தில் மருத்துவர் மகேசன் கணேசனும் அவரோடு இருந்தவர்களும் மனநல சேவையைக் கிராமங்களுக்குள் கொண்டு வந்தார்கள். 1996இல் மட்டக்களப்பில் அருட்தந்தை போல் சற்குணநாயகம் முதலியோர் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும், வெளியே துவக்குச் சத்தம் ஓயாத நாட்களில், ஒன்றாக மண்ணிலும் வர்ணத்திலும் விளையாடினார்கள். செல் விழுந்த காலத்தில் செய்ய முடிந்ததை இப்போது செய்ய முடியாது என்று சொல்ல வெட்கமாக இல்லையா? மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இரவில் ஒருவரும் கிடைக்காவிட்டால் 1926க்கு எடுக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது. தோழரின் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போவதும் போராட்டத்தின் வேலைதான், வாகனச் செலவைப் பொதுக்காசில் எடுங்கள்.

இந்தக் கிழமை முடிவதற்குள் ஒவ்வொருவரும் இரண்டு வீட்டுக்குப் போங்கள். ஒன்று, போராட்டத்துக்கு வந்துகொண்டிருந்து சொல்லாமல் நின்றுபோன தோழரின் வீடு. ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம், இருந்து கதைத்துவிட்டு வாருங்கள். மற்றது, வீதிக்கு அந்தப் பக்கம் இருக்கிற, உங்கள் சமூகத்தைச் சேராத ஒருவரின் வீடு. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்த இருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.