கோழி அடையும் இடம்

பொழுது சாயும் வேளையில் நம் ஊர்களில் தவறாமல் கேட்கும் ஓசைகளுள் ஒன்று, பெண்கள் கோழிகளை விரட்டிப் பிடிக்கும் ஓசையாகும். சில கோழிகள் கூட்டினுள் புகும்; சில முருங்கை மரத்தில் ஏறும்; நெசவாளர் இல்லங்களில் சில தறியின் மேற்சட்டத்திலேயே அமர்ந்துவிடும். விடிந்து பார்த்தால் பாவின்மீது எச்சம். கறைபட்ட சேலைக்கு என்ன விலை கிடைக்கும் என்பதும், அந்தக் கோழி இடும் முட்டைகள் அந்நட்டத்தை ஈடுசெய்யுமா என்பதும் அங்கத்தினர்கள் அறியாதன அல்ல. மரத்தில் அடையும் கோழியின் கதி வேறு. மரநாயும் காட்டுப்பூனையும் இரவில் மரமேறும் பிராணிகள். காலையில் இறகுகளே மிஞ்சும்.

இதற்குக் கோழியைக் குறை கூறுவதே வழக்கமாக இருந்து வருகிறது. திமிர் பிடித்த கோழி என்பர்; காலில் கயிறு கட்டுவர்; கோலால் அடித்து உள்ளே தள்ளுவர். இதனை நாம் ஒப்புவதற்கில்லை. குற்றம் பெரும்பாலும் கூட்டில் இருக்கிறது என்பதே எமது துணிபு.

வீட்டுக்கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி. (கோழிகளின் மஞ்சள் நிறக் காலுக்குக் காரணமான மரபணுக்கூறு நமது தென்னாட்டுச் சாம்பற் காட்டுக்கோழி வழியாக வந்ததென 2008-ல் ஆய்வாளர் காட்டியுள்ளனர், இந்த உறவைச் சொல்லிக்கொள்வதில் நமக்குச் சிறிது பெருமையும் உண்டு.) காட்டுக்கோழி பகலெல்லாம் தரையில் மேய்ந்து, இருட்டுமுன் கிளையேறி உறங்கும். இருளில் கோழிக்குப் பார்வை மிகவும் மந்தம். ஆதலின் வெளிச்சம் உள்ளபோதே உயரமான இடத்தைத் தேடிக்கொள்ளும் இயல்பு அதன் குருதியில் ஊறியது. நாமோ தரையோடு தரையாக, காற்றுப் புகாத மண்கூடு ஒன்றைக் கட்டி, உள்ளே அமர ஒரு கழியும் வைக்காமல், நுழை என்கிறோம். நுழையாவிட்டால் சினம் கொள்கிறோம்!

கூட்டினுள் இரண்டு அங்குலம் அகலமுள்ள, முனை மழுக்கிய மரச்சட்டம் ஒன்றைக் குறுக்கே பொருத்துக. கோழி ஒன்றுக்கு எட்டு முதல் பத்து அங்குல இடம் வேண்டும். சட்டங்கள் பலவாயின் எல்லாம் ஒரே உயரத்தில் இருத்தல் நலம். கோழிகளுள் மேல் கீழ் என்ற வரிசை உண்டென்பதை நார்வே நாட்டு ஷெல்டெரூப்-எப்பே என்பார் 1922-ல் விரித்துரைத்தார். உயர்ந்த சட்டம் ஒன்றேயாயின் வலிய கோழி அதனைக் கைப்பற்றிக்கொண்டு எளிய கோழியைக் கொத்தி வெளியேற்றும். வெளியேறியதுதான் மரத்திற்குப் போகிறது. முட்டையிடும் கூடை சட்டத்தினும் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லையேல் கோழி அதிலேயே உறங்கி முட்டையை அசுத்தமாக்கும். காற்றுப் போக்கிகள் கோழியின் தலைக்கு மேலே இருக்கட்டும். அவற்றுக்குக் கம்பிவலை இடுக.

கூடு இவ்வாறு அமைந்தபின் பழக்குவது எளிது. வலையடைத்த சிறு முற்றம் ஒன்றைக் கூட்டோடு சேர்த்து, ஒரு வாரம் கோழிகளை வெளியே விடாமல், தீனியும் நீரும் அங்கேயே தருக. பிறகு பகலில் திறந்துவிட்டு, மாலைத் தீனியை மட்டும் கூட்டினுள் வைத்து, நாள்தோறும் ஒரே குரலில் அழைக்க வேண்டும். அந்தி வேளையில் உள்ளே சிறு விளக்கு ஒன்று இருப்பின் கோழி தயங்காமல் நுழையும். யாவும் அமர்ந்தபின் அணைத்துவிடலாம். அப்படியும் ஒன்றிரண்டு மரமேறினால் அப்போது துரத்த வேண்டா. நன்கு இருட்டியபின் சென்றால் அவை கையில் அடங்கும். மெல்ல எடுத்து வந்து சட்டத்தின்மீது வைத்துவிடுக. சில இரவுகள் இதைப் பொறுமையுடன் செய்ய வேண்டும். இடையில் ஒருநாள் சோம்பியிருந்தால் பழக்கம் பின்வாங்கும்.

நாட்டுக்கோழிக்கு இத்தனை உபசாரம் எதற்கு, மரத்தில் அடைந்த கோழிகள்தாமே நம் பாட்டன் காலத்தில் நோயின்றி வாழ்ந்தன என்று கேட்போர் உளர். அவர்கள் கூற்றில் ஒரு பகுதி மெய். அழுக்கடைந்த கூட்டில் உண்ணிகள் பகலில் மரவிடுக்கில் ஒளிந்திருந்து இரவில் குருதி குடிக்கும். நன்கு பழகிய கோழி திடீரெனக் கூட்டை வெறுக்குமாயின் முதலில் ஐயுற வேண்டியது இதனையே. இரவில் வெள்ளைத் துணியால் சட்டத்தின் அடிப்புறத்தைத் துடைத்தால் செந்நிறக் கறை காட்டிக்கொடுக்கும். ஆனால் நோயின்றி வாழ்ந்தன என்பது சரியன்று. வெள்ளைக் கழிச்சல் புகுந்தால் ஊர்க் கோழிகள் கூட்டங்கூட்டமாக மடிவதை முதியோர் அறிவர். தடுப்பு மருந்து இருக்கிறது. மரத்திலிருக்கும் கோழிக்கு யார் போடுவது? அதிகாலையில் கூட்டைத் திறக்குமுன் எல்லாவற்றையும் ஒருங்கே பிடித்துப் போடலாம். விவசாய அங்கத்தினர்களுக்கு மற்றொரு லாபமும் உண்டு. மரத்தடியில் சிதறி வீணாகும் எச்சம் கூட்டில் ஓரிடத்தில் சேரும். தழைச்சத்து மிகுந்த அவ்வெருவைப் புதிதாக இட்டால் பயிர் கருகும். மக்கவைத்தே இட வேண்டும்.

சங்கங்கள் சில, அங்கத்தினர்க்குக் குஞ்சுகள் வாங்கிக் கொடுக்க முன்வருகின்றன. நல்லதே. ஆயின் குஞ்சுக்குப் பணம் ஒதுக்குமுன், வாங்குவோர் வீட்டில் கூடு இருக்கிறதா, அதில் சட்டம் இருக்கிறதா என்று ஒருவர் நேரில் சென்று பார்த்து வருதல் வேண்டும். கூடு இல்லாதவர்க்கு முதற் கடன் மரத்திற்கும் வலைக்குமாகவே இருக்கட்டும்; குஞ்சு அடுத்த மாதம் வரலாம்.