மேசையைத் தெருப் பக்கம் திருப்புவோம்

ஞாயிறு ஆராதனை முடிந்து ஆசீர்வாதம் கூறப்பட்டதும் நாம் எல்லோரும் நேரே மண்டபத்துக்குப் போகிறோம். வாலிபர் ஐக்கியத்தின் கேக் விற்பனை என்றால் கால்கள் இன்னும் வேகமாக நடக்கும். ஒரு பக்கம் ரிச் கேக், பட்டர் கேக், லவ் கேக். மறுபக்கம் பற்றீஸ், றோல்ஸ், கட்லட். ஓர் அன்ரி செய்ததை இன்னோர் அன்ரி வாங்குவார். அவர் செய்ததை இவர் வாங்குவார். கடைசியில் மிஞ்சிய நான்கு துண்டையும், "வீணாப் போகக்கூடாது" என்று செய்தவரே காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போவார். ஒன்றரை மணிக்கு மேசை வெறுமையாகிவிடும். செயலாளர் தொகையை அறிவிப்பார். நாம் கைதட்டுவோம்.

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? உழைப்பு உண்மை, அன்பு உண்மை, சேர்ந்த பணமும் உண்மை. ஆனாலும் அந்த நேரம் முழுவதும் மண்டபத்தின் வெளிக்கதவு மூடியே இருந்தது. நமது பையிலிருந்த பணம் நமது பெட்டிக்குள் வந்தது, அவ்வளவுதான். நாயோடு நடந்து போனவருக்கும், பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போன தாய்க்கும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. நமது அயலவர் நம்மைப் பற்றி அறிந்ததெல்லாம், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களது வாசலை மறித்து நிற்கும் நமது கார்களைத்தான்.

நாம் சொல்ல வருவது இதுதான். வருடத்தில் ஒரு தடவையாவது அந்த மேசையைத் தெருப் பக்கம் திருப்ப வேண்டும். அன்று சேரும் பணம் முழுவதும் நாம் வாழும் பகுதியின் ஹொஸ்பிஸுக்குப் போக வேண்டும்.

ஏன் ஹொஸ்பிஸ்?

நமது சபையில் தாதியர்களாக வேலை செய்கிறவர்கள் பலர். நாங்கள் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. ஒரு தமிழ் வீடு. தகப்பனார் படுத்த படுக்கையாக இருக்கிறார். புற்றுநோயைக் குணப்படுத்த இனி வழியில்லை என்று வைத்தியசாலையில் சொல்லிவிட்டார்கள். ஹொஸ்பிஸிலிருந்து ஒரு தாதி வருகிறார். எங்கே வலி, எப்போது வலி என்று பொறுமையாகக் கேட்கிறார். மருந்தின் அளவை மாற்ற ஏற்பாடு செய்கிறார். வாய் உலராமல் எப்படி நனைப்பது, படுக்கைப் புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்று பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுக்கிறார். நடுச்சாமத்தில் பயம் வந்தால் அழைப்பதற்கு ஓர் இலக்கம் தருகிறார். அவர் புறப்படும்போது அம்மா மகனிடம் மெதுவாகக் கேட்பார்: "இதுக்கு எவ்வளவு குடுக்கவேணும்?" மகன் சொல்லுவான்: "ஒண்டும் இல்லையம்மா, எல்லாம் கவுண்மென்ற் குடுக்குது."

மகன் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குதான் உண்மை. பெரியவர்களுக்கான ஹொஸ்பிஸ்களின் செலவில், சராசரியாக ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் அரசு தருகிறது. மிச்சம் எங்கிருந்து வருகிறது? தர்மக் கடையில் விற்ற பழைய கோட்டிலிருந்து, யாரோ உயிலில் எழுதிவைத்த பணத்திலிருந்து, மரதன் ஓட்டத்திலிருந்து, பாடசாலையிலும் அலுவலகத்திலும் தேவாலய வாசலிலும் விற்ற கேக்கிலிருந்து. அந்தத் தாதியின் சம்பளத்தில், நமக்கு முகம் தெரியாத யாரோ ஒருவர் தன் வீட்டு அடுப்பில் வேகவைத்த கேக்கும் இருக்கிறது.

இப்போது அந்த வருமானமும் போதவில்லை. 2025 ஏப்ரலில் முதலாளிகள் கட்டும் தேசியக் காப்புறுதி 13.8 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்ந்தது. பொதுத்துறைக்கு அரசு அதை ஈடுசெய்தது. தர்ம நிறுவனங்களாக இயங்கும் ஹொஸ்பிஸ்களுக்கு அந்தச் சலுகை இல்லை. 2024 டிசெம்பரில் இங்கிலாந்தின் ஹொஸ்பிஸ்களுக்கு அரசு அறிவித்த 100 மில்லியன் பவுண் கட்டடங்களுக்கும் உபகரணங்களுக்கும் உரியது. அதிலிருந்து தாதிக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. பல இடங்களில் படுக்கைகளைக் குறைத்திருக்கிறார்கள். படுக்கை குறைந்தால், வலியோடு காத்திருப்பவர்களின் வரிசையில் நமது அம்மம்மாவும் ஒருநாள் நிற்கக்கூடும்.

நம்மவர்களுக்கு ஹொஸ்பிஸ் என்ற சொல்லே பயம். "அங்கை போனால் திரும்பி வரமாட்டினம்" என்று சொல்லி, வலியை மறைத்துக்கொண்டு வீட்டிலேயே கிடப்பவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். உண்மையில் ஹொஸ்பிஸின் பராமரிப்பில் பெரும் பகுதி நோயாளியின் வீட்டிலேயே நடக்கிறது. வலியைக் கட்டுப்படுத்துவதற்காகச் சில நாட்கள் உள்ளே தங்கிவிட்டு வீடு திரும்புகிறவர்களும் பலர். நாம் கேக் விற்று உதவும் இடமாக அது ஆகிவிட்டால், அந்தப் பயமும் கொஞ்சம் குறையும்.

ஓர் அகதி கொடுத்த 500 பவுண்

இந்த இயக்கம் தொடங்கிய கதையை நமது பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தாதியாகப் பணிபுரிந்த சிசிலி சாண்டர்ஸ், போருக்குப் பின் லண்டன் வைத்தியசாலை ஒன்றில் சமூக சேவையாளராக இருந்தார். உறுதியான கிறிஸ்தவ விசுவாசி. அங்கே டேவிட் ராஸ்மா என்ற நோயாளியைச் சந்தித்தார். வார்சோவிலிருந்து வந்த யூத அகதி, உணவகத்தில் பரிமாறி வாழ்ந்தவர், வயது நாற்பது, புற்றுநோய். லண்டனில் அவருக்குச் சொந்தமென்று யாருமில்லை. வலியில்லாமல், தனிமையில்லாமல் ஒரு மனிதன் சாகக்கூடிய இடம் எப்படி இருக்க வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். 1948இல் இறந்தபோது, அப்படி ஓர் இல்லம் கட்டினால் அதில் தான் ஒரு ஜன்னலாக இருக்க விரும்புவதாகச் சொல்லி, 500 பவுணை சாண்டர்ஸுக்கு விட்டுச் சென்றார்.

சாண்டர்ஸ் அதன் பின்பு மருத்துவம் படித்து வைத்தியரானார். ஹக்னியில் ஐரிஷ் கன்னியாஸ்திரிகள் நடத்திய சென் ஜோசப்ஸ் ஹொஸ்பிஸில் வேலை செய்து, வலியைத் தணிக்கும் முறைகளை ஆராய்ந்தார். 1967இல், அந்த 500 பவுண் கிடைத்துப் பத்தொன்பது வருடங்களுக்குப் பிறகு, தென்கிழக்கு லண்டனின் சிடனம் பகுதியில் சென் கிறிஸ்தோபர்ஸ் ஹொஸ்பிஸ் திறக்கப்பட்டது. ராஸ்மாவின் ஜன்னலும் அங்கே வைக்கப்பட்டது. நவீன ஹொஸ்பிஸ் பராமரிப்பு அங்கிருந்துதான் உலகமெங்கும் பரவியது.

அதன் முதல் நன்கொடை ஓர் அகதியினுடையது என்பதை நாம் மறக்கக்கூடாது. நம்மில் பலருடைய பெற்றோர் இந்த நகருக்கு அகதிகளாகவே வந்தார்கள். "நாங்கள் வந்தேறுகுடிகள், கொடுக்கவேண்டியவர்கள் இவர்கள்தான்" என்ற எண்ணம் நமக்குள் எங்கோ ஒளிந்திருந்தால், அதற்கு ராஸ்மா பதில் சொல்லிவிட்டார்.

நமக்குத் தெரியாத வழக்கமா?

கேக் விற்பனை வெள்ளைக்காரருடைய பழக்கம் என்று நினைக்கவேண்டாம். அறுப்பின் பண்டிகையில் வாழைக்குலையும் தேங்காயும் கோழியும் ஏலம் போனதை நமது பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு பலாப்பழம் பத்து மடங்கு விலைக்குப் போகும். வாங்கியவரே அதைத் திரும்பக் கொடுத்து இன்னொரு தடவை ஏலம் விடச் சொல்லுவார். தென்னிந்தியத் திருச்சபைகளில் ஒவ்வொரு நேரச் சமையலின்போதும் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்துக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். மிசோரம் பிரஸ்பிட்டேரியன் திருச்சபையில் 1910இல் தொடங்கிய கைப்பிடி அரிசி வழக்கம் இன்றும் தொடர்கிறது. அடுப்படியிலிருந்து கொடுப்பது நமது பரம்பரையில் உள்ளதுதான். ஒரு வித்தியாசம்: அந்த ஏலம் முற்றத்தில் நடந்தது. தெருவால் போன அயலவரும் நின்று பார்த்தார்கள், விலை கேட்டார்கள். குளிருக்குப் பயந்து கதவை மூடிய நாம், இங்கே முற்றத்தையும் சேர்த்து மூடிவிட்டோம்.

இதற்கு மறுப்புகள் வரும் என்பதும் தெரியும். "ஆண்டவர் தேவாலயத்தில் விற்றவர்களின் மேசைகளைக் கவிழ்த்தார் அல்லவா?" என்பது முதலாவது. அந்த மேசைகள் எங்கே இருந்தன என்பதைக் கவனியுங்கள். அவை இருந்தது பிறதேசத்தார் வந்து ஜெபிப்பதற்கு அனுமதிக்கப்பட்டிருந்த வெளிமுற்றத்தில் என்று வேத அறிஞர்கள் விளக்குகிறார்கள். அந்நியனுக்கு உரிய இடத்தை அந்த வியாபாரம் பிடித்துக்கொண்டது. நாம் கேட்பது அதற்கு நேர் எதிரானது: அந்நியனுக்கு இடம் கொடுக்கும் ஒரு மேசை.

"ஊரில் இவ்வளவு தேவை இருக்க, இங்கே ஏன் கொடுக்கவேண்டும்?" என்பது இரண்டாவது. நியாயமான கேள்வி. ஊருக்கு அனுப்புவதை நிறுத்தச் சொல்லவில்லை. வருடத்தில் நடக்கும் விற்பனைகளில் ஒன்றை மட்டும் கேட்கிறோம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில், வாழும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடும்படி சொல்லப்பட்டிருப்பதை நாமெல்லோரும் வாசித்திருக்கிறோம்.

மூன்றாவது மறுப்பு வாலிபரிடமிருந்தே வருகிறது: "வங்கி மூலம் அனுப்பினால் போதாதா? எதற்கு இவ்வளவு மாவும் சீனியும்?" பணம் மட்டுமே நோக்கம் என்றால் அவர்கள் சொல்வது சரி. வரி கட்டுகிற ஒருவர் 20 பவுணை நன்கொடையாகக் கொடுத்தால், கிஃப்ட் எய்ட் மூலம் அது 25 பவுண் ஆகிறது. கேக்கின் விலைக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு கேக்கைப் பன்னிரண்டு துண்டாக வெட்டி, துண்டு ஒன்றரைப் பவுண் வீதம் விற்றாலும் 18 பவுண்தான் வரும். அதில் பட்டரும் முட்டையும் முந்திரியும் நமது செலவு. ஆனால் வங்கி செய்யமுடியாத ஒன்றை மேசை செய்கிறது.

கடந்த வருடம் மண்டபத்தின் தரையைத் திருத்திக்கொண்டிருந்ததால், வேறு வழியில்லாமல் ஒரு சனிக்கிழமை முன்வாசலில் மேசையை வைத்தோம். எதிர்வீட்டுப் பெரியவர் வந்தார். கார் நிறுத்தம் பற்றி முறையிடத்தான் வருகிறார் என்று நினைத்தோம், முறையிடவும் செய்தார். பிறகு ஒரு துண்டு லவ் கேக் வாங்கி நின்றபடியே சாப்பிட்டார். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ரவையும் முந்திரியும் பன்னீரும் என்றோம். இது ஏதோ அங்கத்தவர்களுக்கு மட்டுமான கழகம் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தாராம். போகும்போது சொன்னார், மனைவி ஹொஸ்பிஸில்தான் காலமானார் என்று. அந்த வாரத்திலிருந்து நமது கார்களை அவரது வாசலை விட்டுத் தள்ளியே நிறுத்துகிறோம். அவர் நம்மைக் கண்டால் கை அசைக்கிறார். இதை எந்த வங்கிக் கணக்கிலும் வரவு வைக்க முடியாது.

செய்யவேண்டியவை

சனிக்கிழமை காலையில் வைப்போம். அயலவர் அப்போதுதான் நடமாடுவார்கள். நமது வளவுக்குள், வாசலை ஒட்டி வைப்போம். நடைபாதையில் வைப்பதென்றால் கவுன்சிலைக் கேட்கவேண்டும். எந்த ஹொஸ்பிஸுக்கு என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி வைப்போம். ஹரோ, பிரென்ற் பகுதியினருக்கு சென் லூக்ஸ். மேர்ட்டன், சற்றன் பகுதியினருக்கு சென் ரபேல்ஸ். நியூஹாம் பகுதியினருக்கு சென் ஜோசப்ஸ். குரொய்டன், லூவிஷம் பகுதியினருக்கு சென் கிறிஸ்தோபர்ஸ். முன்கூட்டியே அவர்களுக்கு எழுதினால் நன்கொடைப் பெட்டியும் பதாகையும் பற்றிச் சொல்லுவார்கள். மேசையில் கிஃப்ட் எய்ட் உறைகளையும் வைப்போம். வாங்காமல் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு அது உதவும். பணத்தை ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் எண்ணட்டும்.

தாதியர்களாக நாங்கள் வற்புறுத்துவது ஒன்று: ஒவ்வொரு பலகாரத்துக்கும் என்னென்ன சேர்ந்தது என்று எழுதி ஒட்டுங்கள். 2016இல் நற்றாஷா என்ற பதினைந்து வயதுப் பிள்ளை, தான் வாங்கிய பாணில் எள்ளு இருப்பது உறையில் எழுதப்படாததால், அதைத் தின்று ஒவ்வாமையால் இறந்தாள். அவளுடைய பெயரால் அழைக்கப்படும் சட்டம் 2021 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் நடைமுறையில் இருக்கிறது. எப்போதாவது நடக்கும் நமது விற்பனையை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாவிட்டாலும், ரிச் கேக்கின் முந்திரியும் எள்ளுருண்டையின் எள்ளும் அறியாமல் வாங்குகிறவரைக் கொல்லக்கூடியவை. அறிவிக்கவேண்டிய ஒவ்வாமைப் பொருட்கள் பதினான்கு. அட்டவணையை வாலிபர் ஒருவர் அச்சிட்டு வரலாம்.

மெக்மில்லன் புற்றுநோய் அமைப்பின் காப்பி மோர்னிங், 1990இல் ஓர் உள்ளூர்க் குழு சின்னதாகத் தொடங்கியதுதான். மறுவருடமே அது நாடெங்கும் பரவியது. ஐந்து அப்பமும் இரண்டு மீனும் கொண்டுவந்த சிறுவனும் தன்னிடம் இருந்ததைத்தான் கொடுத்தான்.

மேசையை மண்டபத்துக்குள்ளிருந்து வாசலுக்குத் தூக்க நான்கு பேர் போதும். அடுத்த வாலிபர் கூட்டத்தில் திகதியைக் குறிப்போம். அன்றைக்குக் காரைத் தூர நிறுத்திவிட்டு நடந்து வருவோம்.