மூன்று ஆண்டு ஞாயிறுகள் வீணா?

எங்கள் பத்தாம் வகுப்பில் கணக்கு என்றால் எப்போதும் ஒரே கேள்விதான்: "டீச்சர், இது பரீட்சைக்கு வருமா?" வராது என்றால் உடனே நோட்டை மூடிவிடுவோம். நானும் அப்படி மூடியவள்தான். இவ்வாண்டு ஓர் எண் என் மனத்தை மாற்றிவிட்டது.

147573952589676412927 என்பது அந்த எண். 67 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் இந்த 21 இலக்க எண் வரும். பாரிஸ் நகரில் வாழ்ந்த மரேன் மெர்சென் என்னும் கத்தோலிக்கத் துறவி, 1644ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இது பகா எண் என்று எழுதினார். இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1876இல், லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் அது தவறு என்று நிரூபித்தார். வியப்பு என்னவென்றால், இது பகு எண் என்று காட்டிய அவரால் இதன் ஒரு காரணியைக்கூடச் சொல்ல முடியவில்லை. வீட்டில் திருடன் புகுந்திருக்கிறான் என்று தெரிகிறது, எந்த அறையில் என்று தெரியவில்லை!

1903ஆம் ஆண்டு அக்டோபரில், நியூயார்க்கில் கூடிய அமெரிக்கக் கணிதக் கழகத்தில் பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல் விடையை அளித்தார்: 193707721 × 761838257287. அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தாராம். இதற்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டபோது, மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். (ஞாயிறு ஓய்வு நாளாயிற்றே என்று நம் சிஸ்டர்கள் கேட்கக்கூடும். அவருக்கு அதுவே ஓய்வாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.)

இதைச் சொன்னதும் என் தோழி, "மூன்று வருஷம் வீண்" என்றாள். எனக்கு ஒப்பவில்லை. ஒரு விடுமுறை நாளில் அந்தப் பெருக்கலை நானே போட்டுப் பார்த்தேன். முதல் எண்ணில் ஏழு மூன்று முறை வருவதால், ஏழின் வரியை ஒரே முறை கணக்கிட்டு மூன்று இடத்தில் எழுதிக்கொண்டேன். அந்த வரியிலேயே ஒரு பிழை! மூன்று வரிகளும் கெட்டு, விடையும் கெட்டது. அம்மா, "அரசுத் தேர்வை வைத்துக்கொண்டு இது தேவையா?" என்றார்கள். மறுபடி முதலிலிருந்து போட்டேன். 5332867801009 என்று ஏழின் வரி சரியாக அமைந்தது. மெர்சென் எண்ணின் 21 இலக்கங்களும் வரிசையாக வந்து நின்றன. அந்த மகிழ்ச்சியை எந்த மார்க்கும் எனக்குத் தந்ததில்லை.

சரிபார்க்க எனக்கு ஒரு பிற்பகல் போதும், கண்டுபிடிக்க ஒருவருக்கு மூன்று ஆண்டுகள். அவரும் குருட்டாம்போக்கில் தேடியிருக்க வேண்டியதில்லை. இந்த எண்ணின் காரணி எதுவாயினும் 134ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீரும் என்பது முன்பே தெரிந்த உண்மை. அன்புத் தோழியரே, இரண்டு காரணிகளையும் வகுத்துப் பாருங்கள்.

பெரிய எண்களின் காரணிகளைக் காண்பது கடினம் என்பதை வைத்தே 1977இல் ரகசியச் செய்தி அனுப்பும் ஒரு முறை அமைக்கப்பட்டது, ஆகவே இது பயனுள்ளது என்று சிலர் வாதிடுவர். உண்மைதான். ஆயினும் அந்த வாதம் எனக்குப் பிடிக்கவில்லை. கோல் அதற்காகவா உட்கார்ந்தார்? இன்று கணிப்பொறி இதை நொடியில் செய்துவிடும் என்பதும் அதே போன்ற பேச்சுத்தான். கணிப்பொறி மகிழ்ந்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஆகவே பெற்றோருக்கும் சிஸ்டர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வாரத்தில் ஒரே ஒரு பீரியட், பரீட்சைக்கு வராத கணக்குக்கு வேண்டும். மார்க் வேண்டாம், ரேங்க் வேண்டாம். முதல் கணக்கை நானே தருகிறேன்: 536870911. இது 29 இரண்டுகளின் பெருக்கத்தில் ஒன்று குறைந்தது. மூன்று பகாக் காரணிகள் உள்ளது. 58ஆல் வகுத்து மீதி 1 வரும் எண்களை மட்டும் 59 முதல் வரிசையாக முயலுங்கள். நான்காவது எண்ணில் கதவு திறக்கும்.