முத்திரை ஊருக்கு, உரிமை யாருக்கு?

ஒரு பொருளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தால் ஊரே கொண்டாடுகிறது. நாமும் மகிழ்கிறோம். ஆனால் அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்?

கோலாப்பூர் செருப்பை எடுத்துக்கொள்வோம். கடுக்காயும் கருவேலம்பட்டையும் கொண்டு தோலைப் பதனிடுவது அதன் மரபு. குரோமியம் தேவைப்படாத தொழில். இயற்கையைக் கெடுக்காத வணிகம் என்று கருத்தரங்குகளில் இன்று பேசுகிறார்களே, அதைத் தலைமுறைகளாகச் செய்துவருபவர்கள் சர்மகார் உள்ளிட்ட தலித் மக்கள். தோலைத் தொட்டதால் தீட்டு என்று அவர்களை ஒதுக்கிய சமூகம், அவர்கள் தைத்த செருப்பை மட்டும் 'பாரம்பரியம்' என்கிறது.

குறியீடோ மகாராஷ்டிர, கர்நாடக அரசுகளின் தோல் தொழில் கழகங்களின் பெயரில் இருக்கிறது. 2025 ஜூனில் பிராடா நிறுவனம் அதே சாயலில் செருப்பை மிலான் மேடையில் காட்டியது. கோலாப்பூரின் பெயரைச் சொல்லவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகே ஒப்புக்கொண்டது. கைவினைஞர்களுக்கு இழப்பீடு கேட்டுப் போடப்பட்ட பொதுநல வழக்கை ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மனுதாரர்கள் குறியீட்டின் உரிமையாளர்கள் இல்லையே என்று கேட்டது.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொருளைச் செய்பவர் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்தவருக்குத்தான் குறியீட்டைப் பயன்படுத்தவும், போலிக்கு எதிராக வழக்குத் தொடரவும் உரிமை. பதிவில் பெயர் இல்லாத கைவினைஞருக்கு அந்த முத்திரை வெறும் அலங்காரம்.

காட்டில் கடுக்காய் பொறுக்கும் ஆதிவாசிக்கும் இதே நிலைதான். சிறு வன மகசூலின் மீது அவருக்கு உரிமை உண்டு என்கிறது 2006 வன உரிமைச் சட்டம். 'ஃபேர்வைல்ட்' போன்ற சான்று முத்திரைகள் செடி அழியக் கூடாது என்பதோடு, சேகரிப்பவருக்கு நியாயமான விலையும் கேட்கின்றன. நல்லதுதான். ஆனால் தணிக்கைச் செலவை யார் தலையில் கட்டுவது? வாங்கும் நிறுவனமே ஏற்க வேண்டும் என்பது நம் கோரிக்கை.

முத்திரையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. செய்தவர் கைக்கு அது வர வேண்டும் என்கிறோம். புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. பதிவுகளை இணையத்திலும் பார்க்கலாம். உங்கள் மாவட்டப் பொருள் ஒன்றைத் தேடுங்கள். உரிமையாளர் யார், பயனாளர்கள் எத்தனை பேர், அவர்களில் உண்மையில் உழைப்பவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுங்கள். விடுபட்டவர்களோடு உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்புங்கள். நம் வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.