வாடகை வீட்டில் வண்டிக்குத் தனிக் காசா?

பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தம் கிளம்பும் முன்பே பைக் சத்தம் கிளம்பி விடுகிறது. திருத்தணிக்குப் போய் ரெயில் பிடிக்கிறவர்கள், கம்பெனி ஷிப்டுக்கு ஓடுகிறவர்கள், கடை திறக்கிறவர்கள்... வண்டி இல்லாமல் யாருக்கும் பிழைப்பு நடக்காது.

ராத்திரி அந்த வண்டியை எங்கே நிறுத்துவது? வாடகை வீட்டில் குடியிருப்பவருக்கு அதுதான் தலைவலி!

ஒரு குடித்தனத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு வருஷமாக மாடிப்படிக்குக் கீழே பைக் நிற்கிறது. வாடகை தேதி தவறாமல் போகிறது. திடீரென ஒருநாள் வீட்டுக்காரர் கூப்பிடுகிறார்.

"தம்பி, வர்ற மாசத்துலேருந்து வண்டிக்கு முந்நூறு ரூபா தனி. இஷ்டம் இல்லேன்னா ரோட்டுல விட்டுக்கோ."

"என்னண்ணே, குடி வரும்போது சொல்லலியே?"

"அதான் இப்ப சொல்றேனே!"

மாசம் 300 என்றால் வருஷத்துக்கு 3,600 ரூபாய். பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவுக்கு வைத்த பணம் அது. கொடுக்கத்தான் வேண்டுமா?

கட்டாயம் உண்டா?

தமிழ்நாட்டில் 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-ல் நிறைவேறிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. வீட்டுக்காரர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் சொல்லும் சட்டம் இது. இதன்படி, ஒப்பந்தத்தில் பேசி எழுதிய வாடகைதான் வாடகை. உயர்த்துவதாக இருந்தாலும் ஒப்பந்தப்படிதான் உயர்த்த வேண்டும்.

ஆக, நடுவழியில் வாயால் சொன்ன முந்நூறு ரூபாய் ஒப்பந்தத்தில் இல்லாத காசு. "எழுதியிருந்தால் காட்டுங்க" என்று கேட்கலாம்.

ஆனால் குடி வரும்போதே "பைக்குக்கு மாசம் இவ்வளவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் பிறகு தகராறு செய்ய முடியாது. இடம் வீட்டுக்காரருடையது. அதற்கு அவர் விலை சொல்வதில் தப்பு இல்லை. முன்னாடியே சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

எது கொடுத்தாலும் ரசீது கேளுங்கள். வாடகைக்கு மட்டுமல்ல, மற்றக் கட்டணங்களுக்கும் எழுத்தில் ரசீது பெற வாடகைதாரருக்கு உரிமை உண்டு. ரெயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில்கூட காசு வாங்கினால் ஒரு சீட்டு கிழித்துத் தருகிறார்களே!

வீட்டுக்கு முன்னால் இருக்கும் தெரு வேறு விஷயம். ரோடு பொதுச் சொத்து. அங்கே நிற்கும் வண்டிக்கு வீட்டுக்காரர் காசு கேட்க முடியாது. கேட்டில் "நோ பார்க்கிங்" போர்டு தொங்கவிட்டால் மட்டும் ரோடு அவருடையது ஆகிவிடாது.

வண்டி திருட்டுப் போனால்?

காசு வாங்கும் வீட்டுக்காரரிடம் இதையும் கேட்டுப் பாருங்கள். டில்லியில் 1998-ல் ஒரு பெரிய ஓட்டலில், ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருட்டுப் போனது. ஓட்டல்தான் பொறுப்பு என்று 2019 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. அங்கே சாவி கைமாறியது. மாடிப்படிக்குக் கீழே நாமே பூட்டிவிட்டுப் போகும் பைக்குக்கு அது அப்படியே பொருந்தாது. ஆனாலும் "முந்நூறு வாங்கினா வண்டிக்கு நீங்க பொறுப்பா?" என்று கேட்டால் பல பேர் யோசிப்பார்கள்.

"காசு இல்லையா? வண்டியை உள்ளே விடமாட்டேன்" என்று கேட்டைப் பூட்டினால்? வாடகைதாரர் அனுபவித்து வரும் அத்தியாவசிய வசதியைத் தக்க காரணம் இல்லாமல் நிறுத்தக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டம், தண்ணீர், மின்சாரத்தோடு வண்டி நிறுத்துமிடத்தையும் அந்த வசதிகளில் சேர்த்திருக்கிறது. மாதிரி என்பதால் அது தானாக இங்கே சட்டம் ஆகாது. வாதத்துக்குப் பலம் சேர்க்கும்.

புகாரை வாடகை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். துணை கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி அவர். விசாரணை முடியும் முன்பே, நிறுத்திய வசதியைத் திரும்பக் கொடு என்று இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. கோபத்தில் வீட்டுக்காரர் வாடகையையே வாங்க மறுத்தால், இரண்டு மாசம் மணியார்டரிலோ வேறு வழியிலோ அனுப்பிவிட்டு, அப்புறம் அதே அதிகாரியிடம் கட்டலாம். வாடகையை மட்டும் நிறுத்தி விடாதீர்கள்!

சிக்கல் எங்கே?

இத்தனையும் படித்துவிட்டு உடனே சண்டைக்குக் கிளம்ப வேண்டாம். கையில் எழுத்து ஒப்பந்தம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தெரிந்தவர் சொன்னார், அட்வான்ஸ் கொடுத்தோம், சாவி வாங்கினோம் என்று வாய்ப்பேச்சிலேயே குடித்தனம் நடத்துகிறவர்கள் எத்தனையோ பேர். புதுச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். ஒப்பந்தம் போடாமல் இருப்பதையே காரணம் காட்டி வீட்டைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட வழி இருக்கிறது! முந்நூறு ரூபாய்க்குப் போன தகராறில் வீடே கையை விட்டுப் போனால்?

அதனால் முதலில் ஒப்பந்தப் பேச்சு, பிறகு வண்டிப் பேச்சு. உறவு சுமுகமாக இருக்கும் நாளிலேயே "எழுதிக்கலாம்ணே, உங்களுக்கும் நல்லது" என்று கேட்டுவிட வேண்டும். அட்வான்ஸ் விஷயமும் அப்போது வெளியே வரும். வேறு விதமாக ஒப்புக் கொள்ளாதபட்சத்தில் மூன்று மாச வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்பது சட்டம். பத்து மாசம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விடுவார்கள்.

ஒப்பந்தத்தில் வண்டிக்கு ஒரே ஒரு வரி போதும். "பைக் ஒன்று, மாடிப்படிக்குக் கீழே, தனிக் கட்டணம் கிடையாது." அல்லது "மாசம் இவ்வளவு, வாடகையோடு சேர்த்து ரசீது." ஊரிலிருந்து மச்சான் வண்டியில் வந்தால் ராத்திரி எங்கே நிறுத்துவார் என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக் கொள்ளுங்கள்.