488 ஏக்கர் எங்கே போச்சு?



ஜூன் பிறந்துவிட்டால் நம் பக்கத்து நாளிதழ்களில் ஓர் எண் தவறாமல் தலைகாட்டும்: 14,707. முதல் போகத்துக்கு முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைத் திறந்துவிடும் செய்தியோடு ஒட்டிக்கொண்டே வரும் எண் அது. லோயர்கேம்ப்பில் தொடங்கி நம் பழனிசெட்டிபட்டி வரை, 17 கால்வாய்களை நம்பி இரண்டு போகம் நெல் விளையும் நிலம் 14,707 ஏக்கர். அமைச்சர் மாறுவார், ஆட்சியர் மாறுவார், எண் மட்டும் மாறாது. தேனியை ஒட்டிய வயல்களில் எத்தனையோ வீட்டு மனைகளாகிவிட்ட பிறகும், கடைசி ஏழு ஏக்கர்கூடக் குறையாமல் வருஷா வருஷம் அச்சாகிறதே என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அது வேறு கதை, இன்னொரு இதழில் பேசுவோம்.

இந்த இதழின் பிள்ளைகள் பகுதியில் இடமதிப்பு, முழுதாக்கல், உத்தேச மதிப்பு மூன்றும் வருகின்றன. பாடப்புத்தகத்தில் இந்தப் பாடம் சீக்கிரம் முடிந்துவிடும். ஐந்தோ அதற்கு மேலோ என்றால் மேலே ஏற்று, குறைவென்றால் கீழே இறக்கு, அடுத்த பாடம். எனக்கு அதில் திருப்தி இல்லை. அதனால் பெரியவர்களும் படிக்கட்டும் என்று இங்கேயே கொஞ்சம் பேசிவிடுகிறேன்.

வீட்டில் மூன்றாவதோ நான்காவதோ படிக்கிற பிள்ளை இருந்தால், ‘பதினாலாயிரத்து எழுநூற்று ஏழு’ என்று வாயால் சொல்லி எழுதச் சொல்லிப் பாருங்கள். ஒரு பிள்ளை 1477 என்று எழுதும். இன்னொன்று 147007 என்று எழுதும். திட்டிவிடாதீர்கள். இரண்டாவது பிள்ளை காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதியிருக்கிறது: 14, 700, 7. நம் முன்னோர்கள் எழுதியதும் ஏறக்குறைய இப்படித்தான். பழைய தமிழ் எண்களில் இது ௰௪௲௭௱௭. பத்துக்கு ஒரு குறி, நூறுக்கு ஒரு குறி, ஆயிரத்துக்கு ஒரு குறி. எழுநூறுக்குப் பிறகு பத்து எதுவும் இல்லையா, எழுத வேண்டாம், விஷயம் முடிந்தது. பூஜ்யத்துக்கு அங்கே வேலையே கிடையாது. இன்றைய முறையில் அந்தக் குறிகள் போய்விட்டன. அவை செய்த வேலையை எண் நிற்கிற இடமே செய்கிறது. ஆகவே பத்தின் இடத்தில் உட்கார ஆளில்லை என்றாலும் நாற்காலியைப் போட்டே ஆக வேண்டும். பேச்சில் சத்தமே இல்லாத அந்த நாற்காலியைத்தான் பிள்ளை மறக்கிறது. ஒன்றாம் வகுப்பு முதல் மணிச்சட்டத்தைக் கையில் கொடுப்பது இதற்காகத்தான். காலிக் கம்பி கண்ணுக்குத் தெரிகிறது அல்லவா!

அடுத்தது முழுதாக்கல். இங்கேதான் எனக்குச் சுவாரஸ்யம் கூடுகிறது.

அந்த 14,707 ஏக்கரைத் தாலுகா வாரியாகப் பிரித்தால் உத்தமபாளையம் 11,807, தேனி 2,412, போடி 488. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். இப்போது ஒவ்வொன்றையும் அதனதன் பக்கத்து ஆயிரத்துக்கு முழுதாக்குவோம். உத்தமபாளையம் 12,000. தேனி 2,000. போடி? 488 என்பது ஐந்நூறுக்குக் கீழே, ஆகவே பூஜ்யம். கூட்டினால் 14,000. ஆனால் மொத்தமான 14,707-ஐ நேராக முழுதாக்கினால் 15,000. நிலமும் அதுவே, விதியும் அதுவே, ஆயிரம் ஏக்கர் இடிக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. கணக்கும் தப்பில்லை. ஆனால் போடிக்காரர் கையில் இந்தத் தாளைக் கொடுத்து, ‘உங்க ஊருல நஞ்சையே இல்லண்ணே’ என்று சொல்லிப் பாருங்கள்!

அதையே நூறுகளுக்கு முழுதாக்குங்கள்: 11,800, 2,400, 500. கூட்டுத்தொகை 14,700. மொத்தத்தை முழுதாக்கினாலும் அதே 14,700. யாரும் காணாமல் போகவில்லை. எந்த இடத்துக்கு முழுதாக்குவது என்பதைப் பட்டியலில் இருக்கிற பெரிய எண்ணைப் பார்த்துத்தான் நாம் வழக்கமாக முடிவு செய்கிறோம். பார்க்க வேண்டியது சின்ன எண்ணை. கூட்ட வேண்டியிருந்தால் முதலில் கூட்டிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு தடவை முழுதாக்குவது இன்னும் உத்தமம்.

‘ஒரே ஒரு தடவை’ என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் நம் தேனி மாவட்டத்தின் மக்கள்தொகை 12,45,899. இதைப் பத்தாயிரத்துக்கு முழுதாக்கினால் 12,50,000. பேச்சில் பன்னிரண்டரை லட்சம், நல்ல எண். அந்த 12,50,000 அடுத்த அலுவலகத்துக்குப் போகிறது. அங்கே இருப்பவர் லட்சத்துக்கு முழுதாக்குகிறார். ஐந்து இருக்கிறது, விதிப்படி மேலே ஏற்று. 13,00,000! முதல் எண்ணையே நேராக லட்சத்துக்கு முழுதாக்கியிருந்தால் 12,00,000-தான் வந்திருக்கும். இரண்டு மேசை தாண்டியதில் ஒரு லட்சம் வித்தியாசம்.

முழுதாக்கவே கூடாத எண்களும் நம் கண்முன்னே இருக்கின்றன. பெரியாறு அணையின் நீர்மட்டத்தை 1979-ல் 136 அடிக்குக் குறைத்தார்கள். 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் சொன்னது, 2014 மே 7 தீர்ப்பில் அதை உறுதி செய்தது. பத்துக்கு முழுதாக்கினால் 136-ம் 140, 142-ம் 140. இத்தனை வருஷத்து வழக்கு அந்த ஒரு முழுதாக்கலில் மறைந்துவிடும்! வைகை அணையிலும் அப்படித்தான். 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. 68.5-ஐ 69 ஆக்குவது பள்ளிக்கூடத்தில் சரி. கரையோரத்தில் இருப்பவருக்கு அது ஒரு கட்டத்தையே விழுங்கிவிடுகிற தவறு.

பெரியாறு என்றதும் ஒரு இடைச்செருகல். 1886 அக்டோபர் 29-ல் போட்ட குத்தகை ஒப்பந்தத்தில் நிலத்தை 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், ஆக வருஷத்துக்கு 40,000 ரூபாய் என்று முழு எண்களாகவே எழுதினார்கள். காலத்தை எழுதும்போது மட்டும் 999 ஆண்டு. நிலத்தில் பெருந்தன்மை, வருஷத்தில் கறார்!

உத்தேசக் கணக்குக்கு வருவோம். வகுப்பறைகளில் பெரும்பாலும் நடப்பது இது: பிள்ளை முதலில் சரியான விடையைப் போட்டுவிடுகிறது, பிறகு அதைக் கொஞ்சம் வளைத்து ‘உத்தேச விடை’ என்ற கட்டத்தில் எழுதிவிடுகிறது. மதிப்பெண் விழுந்துவிடும். ஆனால் உத்தேசம் என்பது விடை தெரியாதபோது போடுகிற கணக்கு.

ஒன்று போட்டுப் பார்ப்போமா? பாசனத்துக்கு விநாடிக்கு 200 கன அடி, குடிநீருக்கு 100 கன அடி, மொத்தம் 300 கன அடி வீதம் 120 நாளைக்குத் தண்ணீர் விடுவது முதல் போகத்தின் வழக்கமான கணக்கு. பாசனத் தண்ணீர் முழுவதையும் வயலில் அப்படியே தேக்கி நிறுத்தினால் எவ்வளவு உயரம் நிற்கும்? முழங்கால் அளவா, ஆள் உயரமா? மேற்கொண்டு படிக்காமல் மனசுக்குள் ஒரு பதிலைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு 86,400 விநாடி. 90,000 என்று வைத்துக்கொள்வோம். இருநூறால் பெருக்க 1 கோடியே 80 லட்சம் கன அடி. 120 நாளைக்கு 216 கோடி. நூறு கோடி கன அடி ஒரு டி.எம்.சி. என்பதால், இரண்டு டி.எம்.சி.க்குச் சற்று மேலே. இனி நிலம். 14,707 ஏக்கரை 15,000 ஆக்குவோம். ஏக்கருக்கு 43,560 சதுர அடி, அதை 44,000 ஆக்குவோம். பெருக்கினால் 66 கோடி சதுர அடி. 216-ஐ 66-ஆல் வகுத்தால் மூன்றேகால் அடி. இடுப்புக்கு வரும். மழையையும் வாய்க்கால் உறிஞ்சுவதையும் சேர்க்காத கணக்குதான், ஆனால் நெல் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் பயிர் என்பது இதிலேயே புரிந்துவிடும்.

கால்குலேட்டரில் போட்டால் 3.24 வருகிறது. இத்தனை எண்களை ஏற்றிவிட்டும் நம் விடை விலகாததற்குக் காரணம் அதிர்ஷ்டம் மட்டும் அல்ல. வகுத்தலில் மேலே இருப்பதை ஏற்றினால் கீழே இருப்பதையும் ஏற்ற வேண்டும், பிழை ஒன்றையொன்று அடித்துவிடும். பெருக்கலில் தலைகீழ்: ஒன்றை ஏற்றினால் மற்றதை இறக்க வேண்டும். இந்த ஒரு வரியைப் பாடத்தில் சேர்த்திருந்தால் முழுதாக்கல் விதிக்கே ஓர் அர்த்தம் கிடைத்திருக்கும்.

வாழை வியாபாரிகளுக்கு இதெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறடிக்கு ஆறடி இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 1,210 கன்று நிற்கும். தோட்டத்தைச் சுற்றி வருகிற வியாபாரி ‘ஆயிரத்து இருநூறு’ என்றுதான் ஆரம்பிப்பார். காற்றில் சாய்ந்தது, பட்டுப்போனது, தார் சிறுத்தது என்று கழித்துக்கொண்டே வருவார். அவர் சொல்லும் குத்துமதிப்பு எப்போதும் ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கும், கவனித்திருக்கிறீர்களா? விற்கிறவரின் குத்துமதிப்பு மறுபக்கம் சாயும். இருவரும் நேர்மையானவர்கள்தான். நஷ்டம் யாருக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ, எண் அதற்கு எதிர்ப்பக்கம் உருளும்.

இந்த மாதக் கேள்வியும் தண்ணீரைப் பற்றியதே. குடிநீருக்கு என்று விடும் 100 கன அடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கன அடி ஏறத்தாழ 28 லிட்டர். தேனி மாவட்டத்து மக்கள்தொகை மேலே இருக்கிறது. அந்தத் தண்ணீர் முழுவதும் நமக்கே என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்? கால்குலேட்டர் வேண்டாம். விடையை மட்டும் அனுப்பாதீர்கள். எந்த எண்ணை எந்த இடத்துக்கு முழுதாக்கினீர்கள், ஏற்றினீர்களா இறக்கினீர்களா, ஏன் என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். பிள்ளைகள் எழுதினால் அவர்கள் கையெழுத்திலேயே அனுப்புங்கள், அடித்துத் திருத்தியது இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
ஆசிரியர்