முதலில் விதி... அப்புறம் விசில்!



சில வாரங்களுக்கு முன், கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டைக்குப் போயிருந்தேன். ராகி வயல்களும், யானைகள் நடமாடும் காடுகளும் சூழ்ந்த ஊர். கர்நாடக எல்லை பக்கத்திலேயே இருப்பதால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே தெருவில் காதில் விழும்.

மாலையில் ஒரு திடலில் பையன்கள் கபடி ஆடிக் கொண்டிருந்தனர். நான்கு மொழிக் குரல்களும் கலந்து, கேட்கவே உற்சாகமாக இருந்தது. திடீரென்று ஆட்டம் நின்றது.

"கோட்டைத் தாண்டிட்டான், அவுட்டு!"

"தொட்டப்புறம் தாண்டலாம்டா!"

"எங்க ஊர்ல அப்படிக் கிடையாது!"

பெரிய போட்டிகளின் விதிப்படி, எதிராளியைத் தொட்ட பிறகு இரு ஓரங்களிலும் உள்ள, 'லாபி' என்ற பகுதியும் ஆடுகளம்தான். ஆனால், அந்தத் திடலில் லாபிக்குக் கோடே போடவில்லை! அதனால் இரு தரப்பும் சொன்னது சரி. ஆட்டத்தைத் தொடங்கும் முன் யாரும் அதைப் பேசிக் கொள்ளவில்லை, அதுதான் தவறு. இருட்டும் வரை சண்டை நடந்தது; கபடி நடக்கவில்லை. இரண்டு பையன்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமலே வீட்டுக்குப் போனார்கள்.

இதே சண்டை 180 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலும் நடந்தது, தெரியுமா? அங்கே ஒவ்வொரு பள்ளியும் தன் இஷ்டப்படி கால்பந்து ஆடியது. சில பள்ளிகளில் பந்தைக் கையில் தூக்கிக் கொண்டு ஓடலாம், சிலவற்றில் கூடாது. ரக்பி என்ற ஊரில் இருந்த பள்ளியில், 1845ல், மூத்த மாணவர்கள் 3 பேர் உட்கார்ந்து, தங்கள் ஆட்டத்துக்கு 37 விதிகளை எழுதினார்கள். ஆசிரியர்கள் அல்ல, மாணவர்கள்! அப்படி வளர்ந்ததுதான் ரக்பி.

தொலைக்காட்சியில் ரக்பியைப் பார்த்தால், 'என்ன இது, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து உருள்கிறார்களே' என்று தோன்றும். விதி தெரிந்தால், அதே ஆட்டம் வேறு மாதிரி தெரியும். முக்கியமானவற்றை மட்டும் பார்ப்போமா?

பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். ஓர் அணிக்கு 15 பேர். 80 நிமிட ஆட்டம். ஒலிம்பிக்கில் ஆடும் வகையில் அணிக்கு 7 பேர்; 14 நிமிடம்தான். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி, பந்தைத் தரையில் அழுத்தினால், 'ட்ரை', 5 புள்ளிகள். அதன் பின், ஆங்கில எழுத்து, 'எச்' போல நிற்கும் கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்கு மேலே பந்தை உதைத்து அனுப்பினால், கூடுதலாக 2 புள்ளிகள்.

இப்போது வேடிக்கையான விதி. பந்தோடு முன்னால் ஓடலாம்; முன்னால் உதைக்கலாம். ஆனால், கையால் முன்னால் வீசக்கூடாது! பின்னால் வருபவருக்கோ, பக்கவாட்டில் வருபவருக்கோதான் கொடுக்க வேண்டும். அதாவது, முன்னேற வேண்டுமானால் பின்னால் இருப்பவரை நம்பியாக வேண்டும்.

அடுத்து, பிடி. பந்து வைத்திருப்பவரை மட்டுமே பிடித்துச் சாய்க்கலாம். தோளுக்கு மேலே, கழுத்திலோ, தலையிலோ பிடிக்கக் கூடாது. மீறினால், 15 பேர் ஆட்டத்தில் மஞ்சள் அட்டைக்கு 10 நிமிடம் வெளியே உட்கார வேண்டும். ஆபத்தான பிடி என்றால் சிவப்பு அட்டை. சாய்க்கப்பட்டவர் உடனே பந்தை விட்டுவிட வேண்டும். சாய்த்தவரும் அவரை விட்டுவிட வேண்டும். நடுவரிடம் பேச அணித் தலைவருக்கு மட்டுமே உரிமை. மலை போல நிற்கும் வீரர் கூட, விசில் ஊதியதும் வாய் திறக்காமல் நிற்பார்!

இந்த விதிகள் ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஆரம்பத்தில், எதிராளியின் முழங்காலுக்குக் கீழே எட்டி உதைப்பது கூட அனுமதிக்கப்பட்டிருந்தது. 1871ல் இங்கிலாந்தில் ரக்பி சங்கம் உருவானபோது, அதைத் தடை செய்தார்கள். உதைக்கத் தடை வந்ததால் ஆட்டம் சப்பென்று ஆகிவிடவில்லை. உலகம் முழுவதும் பரவியது.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1873ல் கல்கத்தாவில் ஆங்கிலேயர்கள் ஒரு ரக்பி சங்கம் தொடங்கினர். சில ஆண்டுகளில் அது கலைந்தபோது, வங்கியில் இருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி, ஒரு கோப்பை செய்தனர். கைப்பிடிகள் மூன்றும் நாகப்பாம்பு. மூடியின் மேல் யானை! இன்றும் இங்கிலாந்தும், ஸ்காட்லாந்தும் மோதுவது அந்த, 'கல்கத்தா கோப்பை'க்காகத்தான். 2025ல், மும்பையில் முதல் முறையாக நடந்த ரக்பி பிரீமியர் லீக் போட்டியில் வென்றது யார் தெரியுமா? நம், 'சென்னை புல்ஸ்' அணி!

குட்டீஸ், 'விதி என்றாலே தொல்லை' என்று நினைக்கிறோம். ஆனால், விதி இல்லாத திடலில் யார் ஜெயிப்பார்? உரக்கக் கத்துபவனும், உடம்பில் பெரியவனும்தான். ஒல்லிப் பையனுக்கும், புதிதாக வந்த பெண்ணுக்கும், வேறு மொழி பேசும் நண்பனுக்கும் சம இடம் தருவது விதிதான்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். கபடியோ, கிட்டிப்புள்ளோ, தெருக் கிரிக்கெட்டோ... உங்கள் ஆட்டத்தின் விதிகளை எல்லாருமாகப் பேசி, ஒரு தாளில் எழுதுங்கள். எது அவுட், சந்தேகம் வந்தால் யார் தீர்ப்பு சொல்வது என்பதையும் எழுதுங்கள். பிறகு, ஆட்டத்தைத் தொடங்குங்கள். ரக்பிப் பிடியை மட்டும், பயிற்சியாளர் இல்லாமல் விளையாட்டுக்குக் கூட முயற்சிக்காதீர்கள்!

தேன்கனிக்கோட்டையில் மறுநாள் மாலை அதே திடல் வழியாக வந்தேன். செங்கல் துண்டால் இரு ஓரங்களிலும் புதிதாகக் கோடு இழுத்துக் கொண்டிருந்தான் ஒருவன். கோணலாகப் போகாமல், முன்னால் நின்று வழி காட்டிக் கொண்டிருந்தான், முந்தின நாள் அவனோடு பேசாமல் போன பையன்!

அன்புடன்,
ஆசிரியர்.